மெய்யியல் நமக்கு எதற்கு? தோட்டத்து வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் கூடிப் பேசுகிறோம். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். மழை பிடித்துக்கொண்டால் ஆறு பேர். எல்லாரையும் பாதிக்கிற ஒரு விஷயத்தை எடுத்து, அதில் எது நியாயம், ஏன் நியாயம் என்று இரண்டு மணி நேரம் பேசுவோம். அவ்வளவுதான் வேலை. இதற்குப் பொது மெய்யியல் என்று பேர் சொன்னதும் புதிதாக வருகிறவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். பாடசாலையில் கூட வேலை செய்யும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்துக்கு வருகிற எல்லாரும் இந்தப் பதில்களை ஒப்புக்கொள்வதில்லை.

"தத்துவம்னா சாமியார்மாரு பேசுறதுதானே டீச்சர்? நமக்கு அது எதுக்கு?"

நிறையப் பேருக்குத் தத்துவம் என்றால் ஆத்மா, மாயை, மோட்சம். அதுவும் தத்துவம்தான். இலங்கையில் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு மெய்யியல் என்று பேர். எது மெய், எது நியாயம், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று தேடுவது. பேர் பெரிதாக இருக்கிறதே தவிர, அந்தத் தேடல் நம் அன்றாடத்திலேயே இருக்கிறது. எங்கே என்று கேட்டால், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்தைத்தான் நான் காட்டுவேன்.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். சின்ன வயதில் பின்னேர நிறுவைக்கு அவரோடு போய் நிற்பேன். தராசு ஒன்பது கிலோ காட்டும், புத்தகத்தில் ஏழு ஏறும். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழிவு. நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு, அது குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். நல்ல வெயில் அடித்த ஒரு பங்குனி நாளில் அம்மா தலையிலிருந்து கூடைக் கயிற்றைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னைக்குப் பொட்டு மழை இல்லையே ஐயா, எந்தத் தண்ணிக்கு இந்த ரெண்டு கிலோ?" வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை பதில் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கணக்கு உண்மையா? உண்மையே ஆனாலும் இந்த விதி நியாயமா? இந்த விதியை வைத்தவர் யார், அதை வைக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? உலகத்தில் மெய்யியல் படித்தவர்கள் எல்லாரும் இந்த மூன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

"சரி, மெய்யியல்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுல பொதுன்னு ஏன் ஒண்ணு சேக்கணும்?"

பேராதனைப் பல்கலைக்கழகம் இந்த மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. அங்கே மெய்யியல் துறை இருக்கிறது. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்று ஒரு பாடம் இருக்கிறது, நம் பிள்ளைகள் நிறையப் பேர் அதை எடுத்து எழுதுகிறார்கள். அங்கே பேசப்படுவது அந்தத் துறையில் பயின்றவர்களுக்கான பேச்சு. அது வேண்டும், அது இல்லாவிட்டால் நமக்கும் ஆழம் கிடைக்காது.

பொது என்று சேர்ப்பதற்குக் காரணம் இரண்டு. பேசுகிற விஷயம் பொது: சம்பளம், வீடு, பாதை, பாஷை, சட்டம். பேசுகிற ஆட்களும் பொது: அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வந்து உட்காரலாம். பெரிய படிப்புப் படித்தவர் வந்தாலும் அவர் சொல்லும் காரணத்துக்குத்தான் எடை, பட்டத்துக்கு இல்லை.

"ஓட்டுதான் போடுறோமே. ஜனநாயகத்துக்கு அது போதாதா?"

ஓட்டின் அருமை மலையகத்துக்கு, அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நமக்கு, தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 1931-ல் டொனமூர் அரசியலமைப்போடு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆசியாவில் முதலாவது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். தோட்டத்து ஆட்களுக்கு அதிலும் நிரந்தரக் குடியிருப்பைக் காட்ட வேண்டும் என்ற தடை இருந்தது. அதையும் தாண்டி 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1949-ல் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைக்கு மட்டும்தான் வாக்கு என்றது. 1952 தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளிலும் நம் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மலையகத்திலிருந்து தேர்தலில் வென்று ஒருவர் மறுபடியும் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓட்டு போனது துப்பாக்கியால் இல்லை. ஓட்டால் வந்த பாராளுமன்றம், ஓட்டெடுத்து, ஒழுங்கான முறையில் எடுத்துக்கொண்டது. இதனால்தான் ஓட்டு மட்டும் போதாது என்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருநாள் புள்ளடி போடுவதற்கும் அடுத்த புள்ளடிக்கும் நடுவில், "இந்த முடிவுக்கு என்ன காரணம்? அந்தக் காரணம் எனக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துமா?" என்று விடாமல் கேட்கிற மக்கள் நாடு முழுவதும் இருக்க வேண்டும். அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லாத இடத்தில் ஓட்டை வைத்தே ஓட்டைப் பறிக்கலாம்.

"1948-ல பிரஜாவுரிமையைப் பறிச்சப்போ யாருமே காரணம் கேக்கலையா?"

கேட்டார்கள். இடதுசாரிகளும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் பாராளுமன்றத்திலேயே எதிர்த்துப் பேசினார்கள். நீதிமன்றத்திலும் கேட்கப்பட்டது. கேகாலைப் பக்கத்துக் கோடாக்கன்பிள்ளை என்ற ஒரு மனிதர், வாக்காளர் பட்டியலில் தன் பேர் இருக்க வேண்டும் என்று போராடினார். அந்த வழக்கு, அப்போது இலங்கைக்கும் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அப்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவு, மற்ற சமூகங்களுக்கு இல்லாத ஒரு தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் போடும் சட்டம் செல்லாது என்றது. ஆனால் பிரஜாவுரிமைச் சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பேரும் இல்லை. இங்கே பிறந்தவர் தன் தகப்பனும் இங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும், அல்லது தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது. எல்லாருக்கும் ஒரே விதி. 1953-ல் கோமறைக் கழகம் சட்டம் செல்லும் என்று தீர்த்தது.

இந்த வழக்கை நாங்கள் மூன்று மாதம் தொடர்ந்து பேசினோம். எழுத்தில் எல்லாருக்கும் ஒரே விதி, விழுவதோ ஒரு கூட்டத்தின் தலையில். அப்படிப்பட்ட சட்டம் சமமான சட்டமா? தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964-ல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரிக்கப்பட்டவர்களைக் கலந்து பேசி அந்தக் கணக்குப் போடப்படவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால்தான் முழுத் தீர்வு கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், உலகத்தின் இன்னொரு மூலையில், ஹன்னா ஆரென்ட் என்ற பெண் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் பிறந்த யூதர். 1933-ல் தப்பி ஓடி, 1951-ல் அமெரிக்கப் பிரஜை ஆகும்வரை நாடற்றவராக இருந்தவர். மனித உரிமை என்று எவ்வளவு பேசினாலும், நீ எங்கள் ஆள் என்று ஒப்புக்கொள்ள ஒரு நாடு இல்லாதவனுக்கு அந்த உரிமைகள் கையில் நிற்பதில்லை என்று கண்டார். எல்லா உரிமைக்கும் முன்னால், உரிமைகளை வைத்திருப்பதற்கே ஓர் உரிமை வேண்டும் என்றார். இதை நான் வாசிகசாலையில் சொன்ன அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து பழைய பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, தன் தகப்பனின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டியிருந்தது. எதற்காகக் கொண்டுவந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"பேசினா வயிறு நெறையுமா?"

இதைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்ல எனக்கு என் பாட்டி இருக்கிறார்.

1973, 74-ல் எண்ணெய் விலை ஏறி, உலகத்தில் தானிய விலை ஏறி, இலங்கையில் அரிசிக்கும் மாவுக்கும் கூப்பனில் கிடைத்த பங்கீட்டு அளவு வெட்டப்பட்டது. எல்லாரும் கஷ்டப்பட்டார்கள். தோட்டத்தில் அது சாவாக மாறியது. மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் சொந்தமில்லை, வேலை நாளும் குறைந்துவிட்டது. தோட்டங்களில் இறப்பு விகிதம் மற்ற இடங்களைவிடப் பலமடங்கு வேகமாக ஏறியது. பாட்டி அதைப் பஞ்ச காலம் என்றுதான் சொல்வார். கடைசிப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று மலையைக் காட்டுவார். அங்கே இப்போது தேயிலை நிற்கிறது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் சொன்ன கருத்து ஒன்று உண்டு. தேர்தலும் எதிர்க்கட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் வேலை செய்கிற நாட்டில் பெரும்பஞ்சம் வந்ததில்லை, ஏனென்றால் பசித்தவர்கள் பேச முடியும், ஆள்பவர்கள் அதற்குப் பயப்படுவார்கள் என்பது. அதை இங்கே வைத்துப் பாருங்கள். அந்த நாளில் இலங்கையில் தேர்தல் இருந்தது, பத்திரிகை இருந்தது. தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. அவர்கள் பசித்தால் எந்தத் தொகுதியிலும் யாரும் தோற்கப் போவதில்லை. அதனால்தான் பேச்சுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறேன். பேச்சு சோறு ஆகாது. பேச்சு எடுபடாத ஆளின் சோறு முதலில் வெட்டப்படும்.

"படிக்காத ஆளுக இதுல என்னத்தப் பேசுறது?"

இந்தக் கேள்வியைப் படிக்காதவர்களைவிடப் படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பழைய வாதம் இது. ஜான் ஸ்டுவர்ட் மில் என்ற ஆங்கிலேயர், பேச்சுச் சுதந்திரத்துக்காக எழுதியவர்களில் முன்வரிசையில் நிற்பவர். தப்பான கருத்தையும் பேசவிட வேண்டும், அதோடு மோதித்தான் சரியான கருத்துக்கு உயிர் வரும் என்றவர். அதே மில், படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குக் கொடுக்கலாம் என்றார். 35 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த அவர், இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆளும் நிலைக்கு இன்னும் வரவில்லை என்றும் நம்பினார். நம் முப்பாட்டன்மார் கப்பலேறிக் கோப்பித் தோட்டத்துக்கு வந்த காலம் அது. மில்லை வாசிக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கிறோம். அவர் கற்றுத் தந்த முறையிலேயே அவரையும் கேள்வி கேட்கிறோம்.

இலங்கையிலும், 1931 அரசியலமைப்புக்கு யோசனை சொன்ன டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய படிப்பாளிகள் இருந்தார்கள். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளராக இருந்த அக்னஸ் டி சில்வாவிடம் ஆணைக்குழு கேட்டது, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்கு வேண்டும் என்று. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார் அவர். இதை முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நம்மைத் தெரியாத ஒருவர், நமக்காக, தயங்காமல் சொன்ன பதில்.

அப்புறம், படிக்காதவர்களுக்குச் சிந்தனை புதிதா? கோ. நடேசய்யர் 1930-களில் தோட்டங்களில் சங்கம் கட்டியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களுக்கு உரிமையைப் புரியவைத்தார். காமன் கூத்தில் ரதி வந்து, என் புருஷனை எரித்தது என்ன நியாயம் என்று அழுவதைக் கேட்டுக்கொண்டு விடிய விடிய உட்காரும் சனம் நாம். தெய்வத்திடமே காரணம் கேட்ட சனத்துக்கு அமைச்சரிடம் கேட்கத் தெரியாதா?

"இது பட்டிமன்றம் மாதிரிதானே?"

இல்லை. பட்டிமன்றத்தில் உங்கள் பக்கம் எது என்று முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவார்கள். கடைசிவரை அதை விட்டு இறங்க முடியாது. இங்கே பாதியில் "நான் சொன்னது தப்பு" என்று ஒருவர் சொன்னால் அதுதான் அன்றைய நல்ல நேரம். கைதட்டலும் கிடையாது, நடுவரும் கிடையாது.

"சங்கம் இருக்கு, தலைவர் இருக்காரு. நாங்க தனியாப் பேசினா சங்கத்துக்கு எதிரா ஆயிடாதா?"

சங்கம் இல்லாமல் மலையகம் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போலீஸ் சுட்டு கோவிந்தன் இறந்தது சம்பள உயர்வும் சங்க உரிமையும் கேட்ட போராட்டத்தில். அதை மறந்துவிட்டு யாரும் சங்கத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால் சங்கத்தின் வேலை வேறு, இந்தக் கூட்டத்தின் வேலை வேறு. சங்கம் கம்பனியோடு பேரம் பேச வேண்டும்; பேரத்தில் ஒரே குரல் வேண்டும். இங்கே பல குரல் வேண்டும். சந்தா கொடுக்கிற ஆள், என் சந்தாவுக்கு என்ன கணக்கு, என் பேரில் என்ன ஒப்பந்தம் போட்டீர்கள் என்று கேட்டால் சங்கம் பலவீனப்படாது. எங்கள் கூட்டத்துக்கு மூன்று வெவ்வேறு சங்கத்துத் தோட்டத் தலைவர்கள் வருகிறார்கள். முதல் வருடம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

"ஆயிரம் ரூபாயைப் பத்தி ஆறு வருஷம் பேசினோம். என்ன கெடச்சுது?"

ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று 2015-ல் எழுந்த கோரிக்கை 2021 மார்ச்சில்தான் அரசாங்க வர்த்தமானியில் வந்தது. வந்தபோது அந்த ஆயிரத்தின் பெறுமதி பழைய ஆயிரம் இல்லை. 2024-ல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. இதில் சலிப்பு வருவது இயற்கை.

அந்த ஆறு வருடத்தில் நாம் பேசியது அநேகமாகத் தொகையைப் பற்றி. நியாயமான சம்பளம் என்றால் என்ன என்பதைக் குறைவாகத்தான் பேசினோம். ஒரு குடும்பம் மரியாதையாக வாழ எவ்வளவு வேண்டும் என்பதை வைத்துச் சொல்வதா? தேயிலை ஏலத்தில் என்ன விலை போகிறது என்பதை வைத்தா? எடுத்த கிலோவை வைத்தா? நகரத்தில் அதே நேரம் உழைக்கிறவர் வாங்குவதை வைத்தா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தொகை வரும். அளவுகோலை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தொகைக்கு மட்டும் சண்டை போட்டால், முதலில் சொன்ன தராசுக் கதைதான்.

அளவுகோலையே கேட்டதால் மாறியதும் உண்டு. 1987-ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க முடியாது என்று பல வருடம் சொன்னார்கள். நம் ஓட்டில் சபை அமையலாம், அதன் காசில் நம் பாதை அமையக் கூடாது. இது என்ன நியாயம் என்று பல பேர், பல இடத்தில், பல வருடம் கேட்டார்கள். 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் தொங்கல் லயத்துக்குப் போகிற பாதையில் இன்னும் பாதிக்குத்தான் கொங்கிரீட். மற்றப் பாதிக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும் என்பது 2016-ம் ஆண்டுச் சட்டம். பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அந்தக் கடிதத்தையே வைத்துப் பேசினோம்.

"பெரும்பான்மை சொன்னாத்தானே ஜனநாயகம்? நாம சிறுபான்மை, அப்புறம் என்ன பேச்சு?"

1948 பற்றிச் சொன்னதை மறுபடி பாருங்கள். பெரும்பான்மை முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதுவே போதும். முடிவெடுக்க ஒரு வழி வேண்டும், அதற்காகக் கைகளை எண்ணுகிறோம். எண்ணிக்கை ஒரு முடிவைச் செல்லுபடியாக்கும், நியாயமாக்காது. தோற்றவரிடமும் சொல்லக்கூடிய காரணம் அந்த முடிவுக்கு இருக்கிறதா என்பதுதான் நியாயத்தின் கேள்வி.

இதை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளாமல் கொழும்பைப் பார்த்து மட்டும் கேட்பது சரியில்லை. தோட்டத்துக்குள்ளும் பெரும்பான்மை உண்டு. எந்தச் சாதிக்காரர் கோயில் கமிட்டியில், யார் தப்புப் பறை அடிக்க மட்டும், தோட்டத்தில் வேலை செய்யாமல் டவுனுக்குப் போகிறவர் குரலுக்கு என்ன இடம் என்பதெல்லாம் அதே கேள்வி. இதைப் பேசிய நாளில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

"நியாயம்னா ஆளுக்கு ஆள் ஒண்ணுதானே? இதுல எதைப் பேசித் தீக்குறது?"

ஆளுக்கு ஆள் கருத்து வேறு என்பது சரி. எல்லாக் கருத்தும் ஒரே எடை என்பது சரியில்லை. வெயில் நாளில் ஈரக் கழிவு எடுப்பதற்கும் ஒருவர் கருத்துச் சொல்லலாம். அதைக் கேட்டவுடன் அது நிற்காது என்று தெரிகிறதே, அப்படித் தெரிவது எப்படி?

ஒரு கூட்டத்தில் இதைச் செய்து பார்த்தோம். இருபது புதிய வீடு வருகிறது, ஏழு பேர்ச்சஸ் காணியோடு. கேட்கிற குடும்பம் அறுபது. யாருக்கு முதலில்? வழக்கம்போல ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் பொருந்துகிற நியாயத்தைச் சொன்னார்கள். பிறகு ஒரு தகரப் பேணியில் சீட்டுக்கள் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு குடும்பம்: மண்சரிவு அபாயத்தில் இருக்கிற லயம், புருஷன் இல்லாமல் மூன்று பிள்ளையோடு ஒரு பெண், ஓய்வு பெற்ற கிழவனும் கிழவியும், கொழும்பில் கடையில் நிற்கிற பையனின் தாய், தலைவரின் தம்பி. "நீங்கள் யார் என்று தெரியாது. முதலில் விதியை முடிவு செய்யுங்கள், பிறகு சீட்டைப் பிரியுங்கள்" என்றேன். முக்கால் மணி நேரத்தில் விதி முடிவாகிவிட்டது. மண்சரிவு அபாயம் முதலில், பிறகு ஓர் அறையில் எத்தனை பேர் என்ற கணக்கு. முதலில் சொன்ன நியாயங்களில் பாதியை யாரும் திரும்ப எடுக்கவே இல்லை. ஜான் ரோல்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் சொன்ன யோசனைதான் இது. தான் யாராகப் பிறப்போம் என்று தெரியாதவன் எந்த விதியை ஏற்பானோ அதைத் தேடு என்றார். எங்கள் ஆட்களுக்கு அவர் பேர் மறந்துவிட்டது, பேணி மறக்கவில்லை.

"ஃபேஸ்புக்ல தெனம் ஊரே பேசுது. இதுக்குன்னு தனியா ஒரு கூட்டமா?"

2018 மார்ச்சில் நம் பக்கத்துக் கண்டி மாவட்டத்திலேயே திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் பரவியதால் அரசாங்கம் அந்தத் தளத்தைச் சில நாள் முடக்கியது. 2020-ல் அந்த நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டது. பேச்சு என்றால் எல்லாப் பேச்சும் நல்லது என்று நான் சொல்லவில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்க முடிகிற பேச்சு வேண்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கும் அதே குழாயடிக்குத்தான் வருவார். அந்த ஒன்று பேச்சின் சூட்டைக் குறைத்துவிடும்.

"பொம்பளையாளுக வந்து உக்காந்தா ஊட்டு வேலையை யாரு பாக்குறது?"

கேட்டவர் ஓர் ஆண். பதில் சொன்னது நான் இல்லை, பக்கத்தில் இருந்த அக்கா. "எங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு இல்ல டீச்சர். ஆறு நாள் மலையில நிறுக்கிறாங்க, ஏழாவது நாள் ஊட்டுல நிறுக்கிறாங்க." அடுத்த மாதத்துக் கேள்வியாக அதையே வைத்தோம்: ஞாயிற்றுக்கிழமை யாருக்கு விடுமுறை? விறகும் துணியும் பேச்சுக்கு நடுவில் வந்தன. ஐந்து வீட்டில் அந்த ஒரு பின்னேரத்துக்கு ஆண்கள் விறகுக்குப் போக ஒப்புக்கொண்டார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்கள் என்ற சட்டம் 2018 தேர்தலில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. கதிரை கிடைத்தது. அந்தக் கதிரையில் உட்கார்ந்து எழுந்து நின்று கேட்கிற பழக்கம் வேறு எங்கேயாவது முதலில் கிடைக்க வேண்டும்.

"பேசப் போய் ஏதாச்சும் வம்பு வந்தா?"

பேசும் உரிமை அரசியலமைப்பின் 14-ம் உறுப்புரையில் இருக்கிறது. அதற்கு வரம்புகளும் இருக்கின்றன. இணையத்தில் பேசுவதற்கு வரம்பு வைக்கிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 2024-ல் வந்தது. நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு சின்னது: முடிவுகளையும் காரணங்களையும் பேசுகிறோம், இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதில்லை, கூட்டத்தை வீடியோ எடுப்பதில்லை. பயம் உள்ளவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர் ஒருவர் இருக்கிறார்.

"கடைசியில முடிவே சொல்லாம எந்திரிச்சுப் போறீங்களே, அது ஏமாத்துறது இல்லையா?"

என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. சோக்ரடீஸைக் கி.மு. 399-ல் கொன்றது ஒரு கொடுங்கோலன் இல்லை. ஏதென்ஸின் ஜனநாயகம், சுமார் 500 சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்து, வாக்கெடுத்துத் தீர்த்தது. சந்தையில் நின்று எல்லாரையும் கேள்வி கேட்டார், பதில் மட்டும் தரமாட்டார். கேட்கப்பட்டவர்களுக்கு வந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. நாளைக் காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்குப் போக வேண்டியவரிடம் கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்புவது ஒரு விதத்தில் அநியாயம்.

அதனால் நாங்கள் ஒரு மாற்றம் செய்தோம். கூட்டத்தின் கடைசிக் கால் மணி நேரத்தில், எதில் ஒத்துப்போனோம், எதில் ஒத்துப்போகவில்லை, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒருவர் கொப்பியில் எழுதுகிறார். செய்ய வேண்டியதைச் சங்கம் செய்யட்டும், சபை செய்யட்டும், மாதர் சங்கம் செய்யட்டும். கொப்பி அவர்களுக்குப் போகிறது. நான் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் நான்தான் அந்த வாசிகசாலையின் துரை.

"எங்க தோட்டத்துலயும் தொடங்கணும்னா எப்படித் தொடங்குறது?"

நான்கு பேர் போதும். முதல் கேள்வியைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஜனநாயகம் என்றால் என்ன என்று தொடங்கினால் எல்லாரும் மேடைப் பேச்சுப் பேசிவிடுவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவில் பால் ஏன் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு, குழாய்த் தண்ணி ஏன் மேல் லயத்துக்கு முதலில், இப்படி ஒன்று. சிங்கள நண்பர்கள் வந்தால் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பேச்சு மெதுவாகும், அது நல்லது. பிரதம அதிதி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தனிக் கதிரை வேண்டாம். வட்டமாக உட்காருங்கள்.

தேத்தண்ணிச் செலவை எந்தக் கட்சியிடமும் கம்பனியிடமும் வாங்காதீர்கள். எங்களுக்குத் தூள் பிரச்சினை இல்லை. ஆளுக்கு ஒரு பிடி சீனியைத் தாளில் மடித்துக்கொண்டு வருகிறோம்.